ஃபர்ம்வேர் புதுப்பிப்புக்குப் பிறகு விழுந்த மெய்நிகர் கணினிகள்: ஓவர்கிளாக் கணினி ஒன்றின் பழுதுநீக்கப் பதிவு

இந்தப் பதிவுக்குரிய கணினியில் 12 கோர்கள் கொண்ட ரைசன் 9 5900எக்ஸ் செயலியும், எக்ஸ்570 சிப்செட் மதர்போர்டும், 16 ஜிபி வீதம் நான்கு டிடிஆர்4 ரேம் ஸ்டிக்குகளும் உள்ளன. ஹோஸ்ட் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் அடிப்படைக் கணினி) இயங்குதளம் டெபியன் 12 லினக்ஸ். அதன் மேல் கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி), லிப்வர்ட் (அதை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக மூன்று மெய்நிகர் கணினிகள், அதாவது மென்பொருளால் உருவாகும் கெஸ்ட் கணினிகள், இரவும் பகலும் ஓடுகின்றன. முதலாவது விண்டோஸ் 11. கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனும் அதில்தான் இருக்கின்றன என்பதால், தனி யுஎஸ்பி பிசிஐ கார்டு ஒன்றை முழுமையாக அதற்கே ஒப்படைத்திருக்கிறேன். மற்ற இரண்டும் லினக்ஸ்: ஒன்று கோப்புச் சேவையகம், இன்னொன்று மென்பொருளைக் கம்பைல் செய்து சோதிப்பதற்கானது.

ஓவர்கிளாக், அதாவது குறிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டி ஓட்டுவது, மிதமான அளவில்தான். ரேம் எக்ஸ்எம்பி (ரேமில் தயாரிப்பாளர் பதித்த கூடுதல் வேக அமைப்பு) மூலம் 3600 வேகத்தில் 1.35 வோல்ட்டிலும், செயலியின் உள் இணைப்பான எஃப்கிளாக் 1800 மெகாஹெர்ட்ஸிலும் இருந்தன. பிபிஓ (செயலியின் மின் வரம்புகளை உயர்த்தும் அமைப்பு) இயக்கப்பட்டு, கோர்களின் மின்னழுத்தத்தை மாற்றும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோர்களுக்கும் ஒரே மாதிரி மைனஸ் 25 கொடுக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாடு நெடுநாள் எந்தத் தொந்தரவும் தரவில்லை.

2024 ஆகஸ்டில் வெளிப்பட்ட சிங்க்குளோஸ் என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்கான திருத்தம் வேண்டியிருந்ததால்தான் மதர்போர்டின் அடிப்படை நிரலான ஃபர்ம்வேரில் (பயாஸ்) கை வைத்தேன். கெர்னல் அளவிலான அனுமதியைக் கைப்பற்றிய ஒருவர், அதற்கும் கீழே உள்ள மேலாண்மைப் பயன்முறைக்குள் நுழைந்து, இயங்குதளத்தை அழித்து நிறுவினாலும் போகாத நிரலைப் பதித்துவிட முடியும் என்பதே அதன் சாரம். பல மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஹோஸ்டில் இதை ஆறப்போட மனம் வரவில்லை. யுபிஎஸ் மின்சாரத்தில் கணினியை வைத்து, பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் எஃப்12 விசையால் பென்டிரைவில் படமாகச் சேமித்த பிறகே புதுப்பித்தேன். இந்தப் படங்கள் இல்லாமல் பின்னால் சொல்லப்போகும் ஒரு கண்டுபிடிப்பு சாத்தியமாகியிருக்காது. பயாஸுக்குள் சேமிக்கும் ப்ரொஃபைல்களை நம்பியிருக்க முடியாது; பெரும்பாலான போர்டுகள் புதிய பதிப்பில் அவற்றை அழித்துவிடுகின்றன, அல்லது ஏற்க மறுக்கின்றன. ஏற்றுக்கொண்டால் அது இன்னும் ஆபத்து, ஏனெனில் பழைய பதிப்பின் மதிப்பு புதிய பதிப்பில் வேறோர் அமைப்பின் இடத்தில் போய் உட்கார வாய்ப்பிருக்கிறது.

முதல் பழுது எளியது. ஹோஸ்ட் வழக்கம்போல் எழுந்தது, ஆனால் மெய்நிகர் கணினி ஒன்றுகூடத் தொடங்கவில்லை. கேவிஎம் சாதனக் கோப்பு இல்லை. வன்பொருள் மெய்நிகராக்கம் பயாஸால் முடக்கப்பட்டிருக்கிறது என்று கெர்னல் பதிவு வெளிப்படையாகவே சொன்னது. புதுப்பிப்பு எல்லா அமைப்புகளையும் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோயிருந்தது, அந்த நிலையில் எஸ்விஎம் (ஏஎம்டியின் வன்பொருள் மெய்நிகராக்க வசதி) அணைந்திருக்கும். பல போர்டுகளில் அது மெய்நிகராக்கம் என்ற தலைப்பின் கீழ் இருப்பதில்லை. ஓவர்கிளாக் மெனுவுக்குள் செயலியின் மேம்பட்ட அமைப்புகளில் ஒளிந்திருக்கும். அதை இயக்கி, சாதனங்களைக் கெஸ்டுக்குப் பாதுகாப்பாக ஒப்படைக்க உதவும் ஐஓஎம்எம்யுவைத் தானியங்கியில் விடாமல் நேரடியாக இயக்கினால் இந்தப் பகுதி முடிந்தது.

ஆனால் சேமித்து வெளியேறுவதற்கு முன், மூன்று மெய்நிகர் கணினிகளின் தானியங்கித் தொடக்கத்தையும் ஹோஸ்டில் நிறுத்தி வைத்திருந்தேன். அதற்குக் காரணம், கோப்புச் சேவையகத்துக்குப் பாலமாக இருக்கும் பிணைய அட்டையின் பெயர் மாறியிருந்ததுதான். முன்பு நான்காம் பஸ்ஸில் (சாதனங்கள் இணையும் பிசிஐ தடத்தில்) இருந்த அட்டை இப்போது ஐந்தாம் பஸ்ஸில் இருந்தது. பெயரில் பஸ் எண் இடம்பெறும் என்பதால் பெயரும் மாறி, பாலம் அட்டையில்லாமல் தொங்கியது. இது தனியாக வந்த மாற்றமாக இருக்க முடியாது. பிசிஐ பஸ் எண்கள் சாதனத்துக்குச் சொந்தமானவை அல்ல. கணினி எழும்போது ஃபர்ம்வேர் ஒவ்வொரு பிசிஐ பாலமாகக் கடந்து சென்று வரிசையாக எண்ணிக்கொடுப்பவை. நடுவில் புதிதாக ஒரு சாதனம் முளைத்தால் அதற்குப் பின்னுள்ள எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். பழைய படங்களுடன் ஒப்பிட்டபோது காரணம் தெரிந்தது: நான் பயாஸில் அணைத்து வைத்திருந்த வைஃபை சில்லு, தொழிற்சாலை நிலையில் மீண்டும் உயிர்பெற்றிருந்தது.

இதன் விளைவு பிணையத்தோடு நிற்கவில்லை. விண்டோஸுக்கு ஒப்படைத்த யுஎஸ்பி கார்டு முன்பு ஏழாம் பஸ்ஸில் இருந்தது. இப்போது அது எட்டில். ஆறாம் பஸ்ஸில் இருந்த இரண்டாவது என்விஎம்இ சேமிப்பகம், அதாவது மெய்நிகர் கணினிகளின் வட்டுப் படிமங்கள் அனைத்தும் குடியிருக்கும் அதே என்விஎம்இ, ஏழுக்கு வந்திருந்தது. விண்டோஸின் லிப்வர்ட் வரையறையிலோ ஏழாம் பஸ்ஸில் உள்ள சாதனத்தை எடுத்துக்கொள் என்றுதான் எழுதியிருக்கிறது. அது எந்தச் சாதனம் என்று லிப்வர்ட் கேட்பதில்லை. லிப்வர்ட்டே டிரைவரை மாற்றும் மேலாண்மை முறையில் ஒப்படைக்கப்பட்ட சாதனம் என்பதால், விண்டோஸ் தொடங்கிய கணமே ஹோஸ்டின் டிரைவரிடமிருந்து அந்த என்விஎம்இ பிடுங்கப்பட்டு, மவுன்ட் செய்யப்பட்ட நிலையிலேயே கோப்பு முறைமை காலடியிலிருந்து மறைந்திருக்கும். முதல் முறை எழுந்தபோது எஸ்விஎம் அணைந்திருந்ததால் விண்டோஸ் தொடங்கவே முடியாமல் போனது. முதல் பழுது இரண்டாவது பழுதைத் தடுத்து நின்றது என்றே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு முரணும் உண்டு. எக்ஸ்570 சிப்செட்டில் சாதனங்கள் பெரும்பாலும் தனித்தனி ஐஓஎம்எம்யு குழுக்களாகப் பிரிந்திருக்கும் என்பதைச் சிறப்பாகக் கருதித்தான் இதை வாங்குகிறோம். பல சாதனங்கள் ஒரே குழுவில் அடைபட்டிருக்கும் மலிவான சிப்செட்டாக இருந்திருந்தால், குழு முழுவதும் விடுவிக்கப்படவில்லை என்று சொல்லி அந்தத் தொடக்கம் மறுக்கப்பட்டிருக்கும்.

வைஃபையை மீண்டும் அணைத்ததும் எண்கள் பழைய இடத்துக்குத் திரும்பின. ஆனாலும் அடுத்த புதுப்பிப்பில் இதே ஆபத்து வரும் என்பதால் இரண்டு மாற்றங்கள் செய்தேன். பிணைய அட்டைக்கு அதன் மேக் முகவரியைக் கொண்டு நிலையான பெயர் வைத்தேன். லிப்வர்ட் தானாக அழைக்கும் ஹுக் நிரலில், மெய்நிகர் கணினி ஆயத்தமாகும் கட்டத்தில், ஒப்படைக்கவிருக்கும் முகவரியில் உள்ள சாதனத்தின் தயாரிப்பாளர் எண்ணையும் சாதன எண்ணையும் சரிபார்த்து, பொருந்தாவிட்டால் பிழையோடு வெளியேறும்படி சில வரிகள் எழுதினேன். அந்தக் கட்டத்தில் ஹுக் பிழை கொடுத்தால் லிப்வர்ட் தொடக்கத்தைக் கைவிட்டுவிடும். சாதனம் அதற்குள் கைமாறியிருக்காது.

மூன்றாவது தொந்தரவைச் சுருக்கமாகச் சொல்லலாம். கம்பைல் செய்யும் லினக்ஸ், ஹோஸ்ட் அணையும்போது தன் நிலையை வட்டில் சேமித்து உறங்கும்படி அமைந்திருந்தது. ஹோஸ்டின் செயலியை அப்படியே காட்டும் பயன்முறையில் அது இயங்குவதால், புதிய ஃபர்ம்வேரோடு வந்த மைக்ரோகோடு (செயலியின் உள் நிரல்) செயலியின் வசதிப் பட்டியலைச் சற்று மாற்றியதும், சேமித்த நிலையை மீட்க முடியாது என்று மறுத்தது. சேமித்த நிலையை நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது ஒன்றே வழி. கெஸ்டைப் பொறுத்தவரை அது திடீர் மின்தடைக்குச் சமம். ஃபர்ம்வேருக்கு முன் எல்லா மெய்நிகர் கணினிகளையும் முழுமையாக அணைப்பதே நல்லது. விண்டோஸின் மெய்நிகர் டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புச் சில்லு) ஹோஸ்டில் ஒரு கோப்பாக இருப்பதால் அதற்கு எதுவும் நேரவில்லை. ஹோஸ்டாகவே விண்டோஸ் இருந்து, வட்டை மறைகுறியாக்கும் பிட்லாக்கரும் இயங்கியிருந்தால், செயலிக்குள் உள்ள டிபிஎம் அழிந்து மீட்புச் சாவி கேட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் முடிந்து, படங்களைப் பார்த்து ஓவர்கிளாக் எண்களை ஒன்றுவிடாமல் பழையபடி நிரப்பிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. விண்டோஸ் நீலத்திரையோடு விழுந்தது. ஒருமுறை நினைவக மேலாண்மைப் பிழை, அடுத்த முறை கெர்னல் பாதுகாப்புச் சோதனைப் பிழை, இன்னொரு முறை ஏதோ ஒரு டிரைவரின் மீது பழி. லினக்ஸ் கெஸ்டில் கம்பைல் வேலை இடையில் முறியும்; அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஒழுங்காக முடியும். ஹோஸ்டோ எந்தக் குறையும் காட்டாமல் நின்றது. இப்படி ஒரு காட்சியைப் பார்ப்பவருக்குக் கேவிஎம் மீதோ விர்ச்சுவல் டிரைவர்கள் மீதோதான் சந்தேகம் போகும். ஆனால் மென்பொருள் பிழை என்பது பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒரே விதமாக விழும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வேறு காரணம் காட்டி விழுவது வன்பொருளின் கைரேகை.

அப்படியானால் ஹோஸ்ட் மட்டும் எப்படித் தப்பியது? மொத்தம் உள்ள 64 ஜிபியில் ஹோஸ்ட் தனக்கென்று பயன்படுத்துவது மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு கெஸ்ட்களின் கையில் இருக்கிறது. விண்டோஸுக்கு மட்டும் 24 ஜிபியை, கணினி எழும்போதே ஒரு ஜிபி அளவுள்ள பெரிய பக்கங்களாக ஒதுக்கி வைத்திருக்கிறேன். ஆகவே ஒவ்வொரு முறையும் அது ரேமின் ஏறக்குறைய அதே பௌதிகப் பகுதியில்தான் போய் அமரும். அந்தப் பகுதியில் ஒரு பிட் புரண்டால் விழுவது விண்டோஸாகவே இருக்கும். இது பிழையைக் கண்டறியும் இசிசி ரேமும் அல்ல என்பதால், பிட் புரண்டதைச் செயலி அறியவும் முடியாது, ஹோஸ்டின் வன்பொருள் பிழைப் பதிவில் எழுதவும் முடியாது. பிழைப் பதிவு வெறுமையாக இருப்பது ரேமுக்கு நற்சான்றிதழ் ஆகாது.

ஓவர்கிளாக் அனைத்தையும் நீக்கி, ரேமை 2666 வேகத்துக்கு இறக்கி, மூன்று கெஸ்ட்களையும் முழு வேலையில் விட்டுவைத்தபோது எதுவும் விழவில்லை. அதன் பின் எக்ஸ்எம்பியை மட்டும் இயக்கி, செயலியைத் தொழிற்சாலை நிலையில் விட்டு, ரேம் சோதனை நிரலான மெம்டெஸ்ட்86+ ஓட்டினேன். முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. ரேம் சூடேறிய பின்னான சுற்றுகளில் சில பிழைகள் தலைகாட்டின. ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு ரேம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பலரிடம் காணும் பழக்கம். நான்கு ஸ்டிக் நிரம்பிய போர்டில் அது போதாது.

அதே ரேம், அதே 3600, அதே 1.35 வோல்ட், அதே டைமிங் எண்கள். மாறியது எது என்று தேட உதவியவை பழைய படங்கள். நான் கைப்பட நிரப்பியவை மிகச் சில. மற்ற எல்லாமே தானியங்கி என்று இருந்தன. தானியங்கி என்பது ஒரு மதிப்பு அல்ல, ஃபர்ம்வேர் அந்த நேரத்தில் எடுக்கும் முடிவு. எழும்போதெல்லாம் நினைவகத்துக்குப் பயிற்சி கொடுத்து மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) மதிப்புகளையும் துணை மின்னழுத்தங்களையும் தேர்ந்தெடுப்பது, ஏஜிசா என்று அழைக்கப்படும் ஏஎம்டியின் அடிப்படை நிரல் தொகுப்பு. புதிய பயாஸில் அதன் புதிய பதிப்பு இருக்கிறது. தானியங்கிக்கு அருகில் போர்டு காட்டும் நடப்பு மதிப்புகளை வரிசையாக ஒப்பிட்டதில், நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான எஸ்ஓசி மின்னழுத்தம் முன்பைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. நான்கு ஸ்டிக்குகளை 3600இல் சுமக்கும் கட்டுப்பாட்டகத்துக்கு அந்தக் குறைவு தாங்கவில்லை. அதை 1.10 வோல்ட் என்று கைப்பட நிலைநிறுத்தி, எஃப்கிளாக்கையும் தானியங்கியில் விடாமல் 1800 என்று எழுதிய பிறகு, மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடியும் ஒரு பிழைகூட வரவில்லை. நீலத்திரைகளும் அத்தோடு நின்றன. பழைய எண்களையே மறுபடி இட்டாலும் பழைய ஓவர்கிளாக் திரும்பி வராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பிபிஓவையும் கர்வ் ஆப்டிமைசரையும் திரும்ப இயக்கியதும் வேறு வகைக் கோளாறு எழுந்தது. இம்முறை கெஸ்ட்கள் விழவில்லை. கணினி முழுவதுமே எச்சரிக்கையின்றி மீண்டும் தொடங்கியது. அதுவும் கனத்த வேலையின் நடுவில் அல்ல, கெஸ்ட்கள் சும்மா இருக்கும் நள்ளிரவு வேளைகளில். அடுத்து எழும்போது கெர்னல் பதிவில், 14ஆம் சிபியுவில் வன்பொருள் பிழை, ஐந்தாம் பேங்க் என்று ஒரு வரி காத்திருந்தது. இந்தச் செயலி சேர்ந்த ஜென் 3 தலைமுறையில் ஐந்தாம் பேங்க் என்பது கட்டளைகளை நிறைவேற்றும் பகுதியைக் குறிக்கும். அந்தப் பகுதி உரிய நேரத்துக்குள் வேலையை முடிக்காமல் உறைந்துவிட்டது என்பதே பிழையின் பொருள். 12 கோர்களும் 24 திரெட்களும் கொண்ட இந்தச் செயலியில், லினக்ஸ் முதலில் ஒவ்வொரு கோருக்கும் ஒன்றாக 0 முதல் 11 வரையும், பிறகு அவற்றின் இணைத் திரெட்களை 12 முதல் 23 வரையும் எண்ணுகிறது. ஆகவே 14 என்பது 2ஆம் கோரின் இணை. அடுத்தடுத்த நிகழ்வுகளிலும் 2 அல்லது 14 என்றே வந்தது.

இந்தப் பிழைக்குப் புகழ்பெற்ற வேறொரு காரணமும் இருப்பதால் அதை முதலில் விலக்கினேன். சும்மா இருக்கும் நிலையில் மின்சாரம் இழுப்பது மிகக் குறைந்துபோவதால் சில ரைசன் கணினிகள் உறைவதுண்டு. அதற்காகவே பயாஸில் மின்வழங்கியின் ஓய்வுநிலைக் கட்டுப்பாடு என்ற அமைப்பு இருக்கிறது. புதுப்பிப்பு அதையும் தானியங்கிக்கு மாற்றியிருந்தது. வழக்கமான ஓய்வு மின்னோட்டம் என்ற பழைய தேர்வுக்குத் திருப்பிய பின்னும் மறுதொடக்கம் தொடர்ந்தது. பழுது ஒரே கோரைச் சுட்டும்போது மின்வழங்கியைக் குற்றம் சொல்வது பொருந்தவும் இல்லை.

மிச்சமிருந்தது கர்வ் ஆப்டிமைசரின் மைனஸ் 25. அதன் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 3 முதல் 5 மில்லிவோல்ட். 25 படிகள் என்றால் 125 மில்லிவோல்ட் வரை குறைகிறது. எல்லாக் கோர்களும் முழு வேலையில் இருக்கும்போது கிளாக் வேகம் தாழ்ந்திருப்பதால் இந்தக் குறைப்பு உறைக்காது. ஒரே கோர் உறக்கத்திலிருந்து விழித்து, சில மில்லி விநாடிகளுக்கு 4.8 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி எம்பும் தருணத்தில்தான் அது காலை வாரும். சும்மா இருக்கும் மெய்நிகர் கணினி செய்வது துல்லியமாக இதைத்தான்: கெஸ்டின் டைமர் ஹோஸ்டின் ஒரு கோரை எழுப்புகிறது, கோர் உச்ச வேகத்துக்கு எம்பி, ஒரு துளி வேலையை முடித்து, மீண்டும் உறங்குகிறது. மணிக்கணக்கில் எல்லாக் கோர்களையும் வாட்டும் அழுத்தச் சோதனைகளில் இந்தச் செயலி தேறியதும், மூன்று சோம்பேறிக் கெஸ்ட்களிடம் தோற்றதும் இதனால்தான்.

2ஆம் கோர் ஏன் என்பதற்கும் விடை உண்டு. இந்தச் செயலியில் தொழிற்சாலையே சிறந்தவை என்று குறித்துவைத்த கோர்களில் அது ஒன்று. சிறந்த கோர்களுக்கு ஆரம்பத்திலேயே குறைந்த மின்னழுத்தம்தான் ஒதுக்கப்பட்டிருக்கும்; அவற்றில் மேலும் குறைக்க இடம் சிறிது. இயங்குதளமோ ஒற்றை வேலைகளையெல்லாம் தேடித்தேடி அவற்றிடமே கொடுக்கிறது. பழைய ஃபர்ம்வேரில் மைனஸ் 25 விளிம்பில் நின்று பிழைத்திருக்க வேண்டும். புதியதில் வேகமும் மின்னழுத்தமும் நிர்வகிக்கப்படும் விதம் சற்று நகர்ந்ததும் விளிம்பைத் தாண்டியது என்பது என் கணிப்பு.

கணிப்பைச் சோதிக்க மெய்நிகர் கணினியையே கருவியாக்கினேன். இரண்டு மெய்நிகர் சிபியு கொண்ட சிறிய லினக்ஸ் கெஸ்ட் ஒன்றை உருவாக்கி, லிப்வர்ட்டில் அதை 2ஆம், 14ஆம் சிபியுக்களோடு மட்டும் பிணைத்தேன். அதற்குள் ஓடிய நிரல் கால் விநாடிக்குக் கணக்குப் போடும், சிறிது நேரம் உறங்கும், மறுபடி கணக்குப் போட்டு விடையை முந்தைய விடையோடு ஒப்பிடும். முன்பு இரவு முழுக்கக் காத்திருந்து பார்க்க வேண்டிய மறுதொடக்கம் இப்போது மதியச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டது. அதே கெஸ்டை மற்ற கோர்களுக்கு ஒவ்வொன்றாக நகர்த்தியபோது இன்னொரு சிறந்த கோரும் தவறான விடையைக் கொடுத்துச் சிக்கியது. அது இன்னும் மறுதொடக்கம் அளவுக்குப் போகாமல் பதுங்கியிருந்திருக்கிறது.

இப்போதைய நிலை இது: அந்த இரண்டு கோர்களுக்கும் மைனஸ் 8, அதே சில்லுத் துண்டில் உள்ள மற்ற நான்குக்கு மைனஸ் 15, இரண்டாம் துண்டின் ஆறு கோர்களுக்கு மைனஸ் 20. வேக உச்சத்துக்கான கூடுதல் அனுமதி பூஜ்யம். கம்பைல் நேரத்தில் இதனால் வந்த இழப்பு அளக்கும் பிழைவரம்புக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே மைனஸ் 25க்குத் திரும்பும் ஆசை எனக்கு இல்லை.

கடைசியாகச் செய்ய வேண்டியிருந்தது தரவுச் சோதனை. ரேமில் பிழை இருந்த நாட்களில் கெஸ்ட்கள் வட்டில் எழுதிக்கொண்டேதான் இருந்தன. க்யூகவ்2 வடிவ வட்டுப் படிமங்களைச் சரிபார்க்கும் கட்டளை, படிமத்தின் உள் அட்டவணைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டுமே பார்க்கும். உள்ளே உள்ள கோப்பு கெட்டதா என்று அதற்குத் தெரியாது. செக்சம் (தரவைச் சரிபார்க்கும் எண்) வைக்கும் கோப்பு முறைமையின் ஸ்க்ரப் என்ற முழுச் சோதனையும் இங்கே அரைச் சாட்சிதான்: ரேமில் கெட்ட பிறகு செக்சம் கணக்கிடப்பட்டிருந்தால், கெட்ட தரவே சரியானது என்று கையெழுத்தாகியிருக்கும். எனவே கோப்புச் சேவையகத்தில் புதுப்பிப்புக்கு முந்தைய காப்புப் பிரதியோடு எல்லாக் கோப்புகளின் ஹேஷ் என்ற அடையாள எண்ணையும் ஒப்பிட்டு, மாறியிருந்தவற்றை மட்டும் கண்ணால் பார்த்தேன். கணக்கு மென்பொருளின் தரவை அதே பழைய பிரதியிலிருந்து மீட்டு, இடைப்பட்ட நாட்களின் பதிவுகளைக் காகித ரசீதுகளிலிருந்து மறுபடி ஏற்றினேன். கம்பைல் செய்யும் கெஸ்டில் அந்த நாட்களில் உருவான எல்லாக் கோப்புகளையும் தற்காலிகச் சேமிப்பையும் ஒட்டுமொத்தமாக அழித்து, மூலத்திலிருந்து மீண்டும் கட்டினேன். எது கெட்டது என்று தேடுவதைவிட அது விரைவாக முடிந்தது.